அஜந்தாவுக்குப் போகுமுன் சிதம்பரம் போய்விட்டு வாருங்கள்

கடலூரில் கிளம்பி, சென்னையில் ரயில் மாறி, கிட்டத்தட்ட ஒன்றரை நாள் பயணம் செய்து நான் முதன்முதலாக மராட்டியத்துப் பௌத்த ஓவியக் குகைகளான அஜந்தாவின் அடிவாரத்தில் போய் நின்றது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை அஜந்தாவுக்கு விடுமுறை. அங்கே டீக்கடை போட்டிருந்தவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அஜந்தாவுக்குத் திங்கள் விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க நினைப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நாளைக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

மறுநாள் உள்ளே போனேன். அங்கேதான் பெரிய ஏமாற்றம். இருட்டு, மங்கலாக ஒரு விளக்கு, சுவர் முழுக்க முகங்கள், யானைகள், மாடங்கள், நகை போட்ட பெண்கள், அவர்களுக்கு நடுவே காரை பெயர்ந்து போன பெரிய பெரிய ஓட்டைகள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, யார் ராஜா, யார் வேலைக்காரர், ஒன்றும் புரியவில்லை. கூட வந்த வழிகாட்டி, தாமரை ஏந்திய போதிசத்துவரான பத்மபாணியின் ஓவியத்துக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கமிருந்து பார்த்தால் சிரிக்கிறார், அந்தப் பக்கமிருந்து பார்த்தால் சோகமாக இருக்கிறார் என்று விளக்கை அப்படி இப்படி ஆட்டிக் காட்டினார். எல்லோரும் "ஆகா" என்றார்கள், நானும் சொல்லிவைத்தேன். சுவரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாமல் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா நெல்லிக்குப்பத்துப் பக்கம் பிறந்தவர், விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். ஓவியம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் கண்டுபிடித்த அளவுக்கு நான் கண்டுபிடிக்கவில்லை. காரணத்தை யோசித்தபோதுதான் இந்தக் குறிப்பை எழுதவேண்டும் என்று தோன்றியது.

கூத்துப் பார்க்கிற கண்

கூத்தில் யாராவது முதன்முறையாகக் கதை தெரிந்துகொள்ள வந்து உட்காருவார்களா? திரௌபதி துகில் உரியப்படப் போகிறாள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த கதையை இவர் எப்படி ஆடுகிறார் என்று பார்க்கத்தான் கூட்டம். அஜந்தாச் சுவரும் அப்படித்தான். அதை வரைந்தவர்கள் எதிரே நிற்பவருக்குக் கதை தெரியும் என்று நம்பி வரைந்தார்கள். பிக்குகள், யாத்திரை வந்தவர்கள், வணிகர்கள் எல்லோரும் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். நாம் அந்தக் கதைகளைக் கேட்காமல் போய் நின்றுவிட்டு, ஓவியம் புரியவில்லை என்கிறோம்.

இன்னொரு விஷயமும் கூத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வேஷக்காரர் களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றால் அஸ்தினாபுரத்திலிருந்து காட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். திரை போடுவதில்லை, விளக்கு அணைப்பதில்லை. ஆள் அதே ஆள், இடம் மட்டும் வேறு. அஜந்தாவில் ஒரே ராஜா ஒரே சுவரில் நான்கு தடவை வருவார், நடுவே சட்டம் கிடையாது, கோடு கிடையாது. காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக எதிர்பார்த்துப் போனால் தலை சுற்றும்.

அதனால்தான் முதலில் சிதம்பரம் போகச் சொல்கிறேன். நடராஜர் கோயிலில் சிவகாமி அம்மன் சந்நிதிக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். நாயக்கர் காலத்து விதான ஓவியங்கள் இருக்கின்றன. பிட்சாடனராக வரும் சிவன், மோகினி, தாருகாவனத்து முனிவர்கள், முனிபத்தினிகள் என்று கதை பட்டை பட்டையாக ஓடும். ஒரு பட்டையில் அதே சிவன் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ணால் பின்தொடர்ந்து பழகுங்கள். பட்டை இருப்பதால் இது எளிது, வாய்ப்பாடு மாதிரி. கழுத்து வலிக்கும், பரவாயில்லை. அஜந்தா இதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தியது, அங்கே பட்டையும் கிடையாது. ஆனால் "ஒரே ஆள், பல நேரம்" என்கிற பழக்கம் கண்ணுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நேரமிருந்தால் விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக்கும் ஒரு நடை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் உமையின் ஓவியம் மிச்சம் இருக்கிறது. அதில் கதை கொஞ்சம்தான். ஆனால் பழைய கோட்டின் வளைவு எப்படி இருக்கும், உதிர்ந்து போன சுவரில் மிச்சமுள்ளதை வைத்து மீதியை எப்படி ஊகிப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் நம்ம பக்கத்தில் இல்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பிற்காலப் பூச்சுக்கு அடியிலிருந்த பல்லவர் ஓவியங்களை 1931இல் கண்டுபிடித்துச் சொன்ன பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர்தான். பழைய சுவரை உற்றுப் பார்க்கிற வழக்கம் நம்ம பக்கத்துக்குப் புதிது இல்லை.

எந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு போவது

பாலி மொழியில் இருக்கும் ஜாதகக் கதைகள் 547. புத்தர் புத்தராவதற்கு முன்பு எடுத்த பிறவிகளின் கதைகள் இவை. அந்தப் பிறவிகளில் அவருக்குப் பெயர் போதிசத்துவர். யானையாக, குரங்காக, மானாக, நாகமாக, ராஜாவாக எல்லாமாகவும் பிறந்திருக்கிறார். 547ஐயும் படிக்க வேண்டாம். ஆறேழு கதை போதும், அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சிபி. புறாவுக்காகத் தன் சதையை அரிந்து தராசில் வைத்த ராஜா. சோழர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொண்டவர். பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது முதலில் எடுப்பது இந்தப் புறாக் கதையைத்தான். 1ஆம் குகையில் தராசைத் தேடுங்கள், பக்கத்தில் சிபி. 17ஆம் குகையில் அதே சிபி கண்ணைத் தானம் செய்கிறார். நமக்கு அது கண்ணப்பர் ஞாபகத்தைக் கொண்டுவரும், ஆனால் கதை வேறு.

சாமன். கண் தெரியாத தாய் தந்தையைக் காட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் வேட்டைக்கு வந்த ராஜாவின் அம்பு படுகிறது. தசரதன் கதையில் பிள்ளை செத்துப் போவான், சாபம் விழும், ராமாயணமே அங்கிருந்து கிளம்பும். இங்கே சத்தியத்தின் பலத்தால் பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். பெற்றவர்களுக்கும் கண் வந்துவிடுகிறது.

மகாஜனகன். இது கடலோரத்து ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நாட்டை இழந்த ராஜாவின் மகன், பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறுகிறான். நடுக்கடலில் கப்பல் உடைகிறது. ஏழு நாள் நீந்துகிறான். கடலைக் காவல் காக்க வேண்டிய தெய்வம் அந்த ஏழு நாளும் கவனிக்காமல் இருந்துவிட்டு, பிறகு ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய் மிதிலையில் விடுகிறது. அந்தத் தெய்வத்தின் பெயர் மணிமேகலை. ஆமாம், அதே மணிமேகலா தெய்வம்தான். கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த தன் முன்னோரைக் காப்பாற்றியது என்பதற்காகத்தானே கோவலன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தான். பூம்புகாரில் தெரிந்திருந்த ஒரு தெய்வத்தின் கதை மராட்டியத்து மலைக் குகையில் இருக்கிறது என்று படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை அறிந்த கடலூர் தேவனாம்பட்டினத்து ஆட்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம்.

விசுவந்தரன். அரிச்சந்திரன் பொய் சொல்ல மாட்டான், இவன் இல்லை என்று சொல்ல மாட்டான். மழையைக் கொண்டுவரும் வெள்ளை யானையைப் பக்கத்து நாட்டுக்காரர்களுக்குத் தானம் கொடுத்துவிட, ஊர் கொதித்துப் போய் அவனை நாடு கடத்துகிறது. போகிற வழியில் தேரையும் குதிரையையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுகிறான். காட்டில் ஜூஜகன் என்கிற கிழப் பிராமணன் வந்து பிள்ளைகளைக் கேட்கிறான், கொடுத்துவிடுகிறான். கடைசியில் மனைவி மாத்ரியையும். அவளைக் கேட்டது வேஷம் போட்டு வந்த இந்திரன், அதனால் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். பிள்ளைகளைத் தாத்தா மீட்கிறார். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைத் தானம் கொடுக்க இவர் யார்? ஆனால் வரைந்தவர்களுக்கும் அந்த உறுத்தல் இருந்திருக்குமோ என்று சுவரைப் பார்த்தால் தோன்றும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இவை போக, ஆறு தந்த யானையின் கதை: பொறாமையில் செத்துப் போன மனைவி மறுபிறவியில் காசி ராணியாகப் பிறந்து, பழைய கணவனின் தந்தத்தை அறுத்து வரச் சொல்லி வேடனை அனுப்புகிறாள். யானையே அறுக்க உதவி செய்கிறது. தந்தத்தைக் கண்டதும் ராணிக்கு நெஞ்சு வெடிக்கிறது. கங்கைக்குக் குறுக்கே தன் உடம்பையே பாலமாக்கிக் கூட்டத்தைத் தப்பவைத்த குரங்கு ராஜா. ராட்சசிகள் தீவில் மாட்டிக்கொண்ட சிம்ஹளன் என்கிற வணிகன், இலங்கைக்குப் பெயர் வந்த கதை. புத்தரின் சொந்த வாழ்க்கையில் தாய் மாயாதேவியின் கனவு, தியானத்தைக் கலைக்க வந்த மாரன் படை, தம்பி நந்தன் துறவியானது. இவ்வளவு தெரிந்தால் தாராளம்.

சுவரைப் படிப்பது

இப்போது முக்கியமான விஷயம். இடமிருந்து வலமாகப் படிக்காதீர்கள். மேலிருந்து கீழாகவும் வேண்டாம். அஜந்தாச் சுவர்களில் கதை பெரும்பாலும் இடத்தை வைத்துத்தான் கூடும், நேரத்தை வைத்து அல்ல. அரண்மனையில் நடந்தது எல்லாம் ஒரு பக்கம், காட்டில் நடந்தது எல்லாம் இன்னொரு பக்கம். கதையின் முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் அரண்மனை என்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், நடுவில் நடந்தது தூரத்தில் மரங்களுக்கு இடையே கிடக்கும். ஊருக்குத் திரும்பிப் போன ஒருவர், "இங்கேதான் எங்கள் வீடு, இங்கேதான் அப்பா விழுந்தார், இங்கேதான் கல்யாணப் பந்தல் போட்டோம்" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவார் இல்லையா, வருஷக் கணக்கு முன்னே பின்னே இருக்கும், இடம் மட்டும் கச்சிதமாக இருக்கும். அந்த மாதிரி.

ஆகவே சுவருக்கு முன்னால் போய் நின்றதும் ஆட்களைப் பார்க்காதீர்கள், இடங்களைப் பாருங்கள். மெல்லிய தூண்கள், மேலே கூரை தெரிந்தால் அரண்மனை. தோரணம் போல வாசல் வந்தால் யாரோ ஊரை விட்டு வெளியே போகிறார்கள், அல்லது உள்ளே வருகிறார்கள். கட்டம் கட்டமாக, செங்கல் அடுக்கிய மாதிரி ஒரு விசித்திர வடிவம் அங்கங்கே தெரியும், அது பாறை, அதாவது மலை, காடு. இலைகளை மரத்துக்கு மரம் வேறுபடுத்தி வரைந்திருப்பார்கள், வாழை, பாக்கு எல்லாம் நமக்கு உடனே தெரியும். இந்த எல்லைகளை மனதில் பிரித்துக்கொண்ட பிறகு ஆட்களுக்கு வாருங்கள்.

ஆட்களில் முக்கியமானவரைக் கண்டுபிடிக்க உயரம் ஒரு நல்ல அடையாளம், சுற்றியிருப்பவர்களைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பார். உயரமான கிரீடம், தலைக்கு மேல் குடை. பிறகு பக்கத்தில் உள்ளவர்களின் கண்களைப் பாருங்கள். எல்லோரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம்தான் விஷயம் நடக்கிறது. காட்சி முடிகிற இடத்தில் ஒருவர் மட்டும் முதுகைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், அவர்தான் அடுத்த காட்சிக்குக் கதவு. தலைக்குப் பின்னால் படம் எடுத்த பாம்பு இருந்தால் நாகர்கள். தாடி வைத்து, மேலே துணி இல்லாமல், கையில் குடையோ கோலோ வைத்துக்கொண்டு எதையோ கேட்கிற தோரணையில் நின்றால் பிராமணர், உஷாராக இருங்கள், யாரோ எதையோ இழக்கப் போகிறார்கள்.

1ஆம் குகையின் இடப்பக்கச் சுவரில் மகாஜனகனை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். முதலில் ஒரு நடனக்காரி கண்ணில் படுவாள், நகையும் வளைவுமாக. அவளைச் சுற்றிப் பெண்கள், இரண்டு பேர் புல்லாங்குழல் ஊதுகிறார்கள், தாளமும் முழவும் இருக்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் அவளோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் அவள் யாருக்காக ஆடுகிறாள் என்று பாருங்கள். பக்கத்து மண்டபத்தில் ராஜா, அவரை ஒட்டி ராணி சீவலி. ராஜா ஆட்டத்தைக் கவனிக்கவே இல்லை, மனசு எங்கோ இருக்கிறது. அந்த ஆட்டமே அவர் மனதைத் திருப்பத்தான். அங்கிருந்து வாசலைத் தேடுங்கள். ராஜா யானைமேல் வெளியே போகிறார். எங்கே போகிறார்? பாறை வடிவங்களைத் தேடுங்கள். அங்கே ஒரு முனிவர், முன்னால் கை கூப்பிய ராஜா, கீழே படுத்துக்கொண்டு உபதேசம் கேட்கிற மான்கள். பிறகு மறுபடி அரண்மனை, மறுபடி வாசல், இந்தத் தடவை குதிரை. யானைமேல் போனவர் திரும்பி வந்தார், குதிரைமேல் போகிறவர் திரும்ப மாட்டார். ஐந்து நிமிஷத்தில் ஒரு வாழ்க்கை முடிந்துவிட்டது.

அதே குகையில் கருவறை வாசலுக்கு இடப்புறம் பத்மபாணி, கையில் நீலத் தாமரை, வலப்புறம் வஜ்ரபாணி. அவர்களைப் பார்க்கக் கதை தேவையில்லை. சும்மா நில்லுங்கள்.

2ஆம் குகையில் மூன்று பாய்மரக் கப்பல் ஒன்று இருக்கிறது, பூர்ணன் என்கிற வணிகனின் கதையில் வருவது. பாய்மரம் மூன்று, கப்பலின் மேல்தட்டில் வரிசையாகப் பானைகள். துறைமுகத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இதற்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

17ஆம் குகையில் அம்மா

கதைகள் அதிகமாகவும் நன்றாகவும் மிஞ்சியிருப்பது 17ஆம் குகையில். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள். நான் அம்மாவுக்குக் கதை எதுவும் சொல்லாமல்தான் உள்ளே கூட்டிப் போனேன், சோதனை மாதிரி.

"ஏன்டா, இந்த ஆளையே எத்தனை தடவ போட்டிருக்கான்?" என்றார் கொஞ்ச நேரத்தில். விசுவந்தரன். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஜூஜகனைப் பார்த்தார். பல் தெரிய இளிக்கிற முகம், ஆட்டுத்தாடி. "இவன் மூஞ்சியப் பாரேன், வட்டிக்கு விடுற ஆளு மாதிரி இருக்கான்."

அப்போதுதான் நானும் கவனித்தேன். அந்தச் சுவரில் அவ்வளவு அழகான முகங்களுக்கு நடுவே இவனை மட்டும் வேண்டுமென்றே கோரமாக வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்க வந்தவன் அழகாக இருக்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார். முன்பு உறுத்தல் என்று சொன்னேனே, இதுதான்.

சாமன் கதைக்கு வந்தபோது அம்மாவுக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. கண் தெரியாத பெற்றோர், அம்பு பட்ட பிள்ளை. "தசரதன் கதைதானே இது" என்றார். கிட்டத்தட்ட, என்றேன், ஆனால் இதில் பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "இதையே நம்ம ஊர்லயும் ஆடியிருக்கலாம்" என்றார்.

இதே குகையில் விடாமல் பார்க்க வேண்டியது இன்னும் சில. குரங்கு ராஜாவின் பாலம், அடியில் ஆறு, ஆற்றில் மீன்கள். கண் தெரியாத தாயை நினைத்துச் சாப்பிட மறுக்கும் வெள்ளை யானை, அதை விடுவித்ததும் போய்த் தாயைச் சந்திக்கிற காட்சி. வலப்பக்கச் சுவரை நிறைத்துக்கொண்டு சிம்ஹளன் கதை, கப்பல், ராட்சசிகள், படையெடுப்பு என்று ஒரு சினிமாவே ஓடும், இதை முழுதாகப் பின்தொடர்வது கடினம், சிம்ஹளனைக் காப்பாற்றும் வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு போங்கள். கருவறைக்கு முன்னால், பிச்சைப் பாத்திரத்தோடு மலை மாதிரி நிற்கும் புத்தர், எதிரே சின்னதாக யசோதரையும் மகன் ராகுலனும். இங்கே உயரம்தான் முழுக் கதையும். துறந்து போன அப்பா திரும்பி வந்தால் எவ்வளவு உயரமாகத் தெரிவார் என்பதை அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்து வரைந்த மாதிரி இருக்கிறது.

16ஆம் குகையில் ஒரு பெண் தலை சாய்ந்து, உடம்பு துவண்டு உட்கார்ந்திருப்பாள். சாகும் இளவரசி என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அவள் சாகவில்லை. அவள் நந்தனின் மனைவி சுந்தரி. கணவன் மொட்டையடித்துத் துறவியாகிவிட்டான், அவனுடைய கிரீடத்தை ஆள் கொண்டுவந்து காட்டுகிறான். ஆகவே அவளை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், கிரீடத்தை ஏந்தி நிற்பவரையும் தேடுங்கள்.

மண்ணும் நிறமும்

பெயர்ந்து போன இடங்களைத் திட்டாதீர்கள், அவையும் பாடம்தான். காரை உடைந்த ஓரத்தை, கயிற்றுக்கு வெளியே நின்றபடியே, கூர்ந்து பாருங்கள். சொரசொரப்பாகக் கொத்திய பாறை, அதன்மேல் மண், மண்ணுக்குள் உமியும் செடி நாரும். மேலே மெல்லிசாகச் சுண்ணாம்புப் பூச்சு. எங்கள் பாட்டி வீட்டுச் சுவரும் கிட்டத்தட்ட இதே சேர்மானம்தான். ஈரச் சாந்தில் வரைவது ஐரோப்பிய வழக்கம். அஜந்தாவில் காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்த நிறத்தால் வரைந்தார்கள், அதனால்தான் ஈரம் பட்டால் உரிந்துகொண்டு வருகிறது. நிறங்கள் காவியும் மஞ்சள் காவியும் பச்சை நிற மண்ணும் சுண்ணாம்பும் விளக்குக் கரியும். நீலம் மட்டும் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்த லாபிஸ் லசூலிக் கல். எங்கே நீலம் தெரிகிறதோ அங்கே யாரோ நிறையப் பணம் செலவழித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

10ஆம் குகை பழசு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் ஓவியங்கள் ரொம்ப மங்கிவிட்டன, ஆறு தந்த யானையின் கதை அங்கே வலப்பக்கச் சுவரில் நிழல் மாதிரி இருக்கும். பெரும்பாலான குகைகள் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகாடக அரசன் ஹரிசேனன் காலத்தில் வந்தவை. அவனுடைய அமைச்சர் வராகதேவர் 16ஆம் குகையைக் கொடையாகக் கொடுத்ததாக அங்கேயே கல்வெட்டு இருக்கிறது. அந்தச் சமயத்தில் நம்ம பக்கம் என்ன நடந்தது என்று கேட்டால், கி.பி. 458இல் பாடலிகையில், அதாவது நம்ம கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், சமண முனிவர் ஒருவர் உலக அமைப்பைப் பற்றி நூல் எழுதி முடித்துக்கொண்டிருந்தார்.

10ஆம் குகைத் தூணில் இன்னொன்றும் இருக்கிறது. 1819 ஏப்ரல் 28ஆம் தேதி, புலி வேட்டைக்கு வந்த சென்னை மாகாணப் படை அதிகாரி ஜான் ஸ்மித் குகைகளைக் கண்டு, உள்ளே வந்து தன் பெயரையும் தேதியையும் ஓவியத்தின் மேலேயே கீறிவிட்டுப் போனார். இப்போது அது ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு உள்ளே குப்பையும் மண்ணும் அவ்வளவு உயரத்துக்குக் கிடந்தது. அதே சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844இலிருந்து வருஷக்கணக்காக அங்கேயே தங்கி ஓவியங்களைப் பிரதி எடுத்தார். லண்டனுக்கு அனுப்பியதில் பெரும்பகுதி 1866இல் அங்கே கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக் கூடத்தில் பிடித்த தீயில் எரிந்து போனது. பாவம் மனுஷன்.

போய்ச் சேருவது

சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் ஜல்காவ்ன் வரை ஒரே வண்டி, கிட்டத்தட்ட ஒரு முழு நாள். அங்கிருந்து அஜந்தா சுமார் 60 கிலோமீட்டர். சத்ரபதி சம்பாஜிநகர் (பழைய ஔரங்காபாத்) பக்கமிருந்து வந்தால் 100 கிலோமீட்டர், எல்லோரா அந்தப் பக்கம்தான். உங்கள் வண்டி பர்தாப்பூர் கூட்டுரோடு வரைதான், அங்கிருந்து 4 கிலோமீட்டர் அவர்களுடைய பஸ்ஸில்.

காலை 9 மணிக்குத் திறந்ததும் உள்ளே இருங்கள். எல்லோரும் 1ஆம் குகையில்தான் தொடங்குவார்கள், ஆகவே நேராக 17க்கு நடந்துவிட்டு, கூட்டம் அங்கே வந்து சேரும்போது நீங்கள் 16, 10, 2, 1 என்று திரும்பி வரலாம். உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிஷம் எதையும் பார்க்காமல் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள், இதைச் செய்யாதவர்கள்தான் "ஒன்றுமே தெரியலை" என்று வெளியே வருகிறார்கள். ஃபிளாஷ் கூடாது. ஓவியக் குகைகளில் செருப்பைக் கழற்ற வேண்டும், கழற்றி மாட்ட எளிதானதாகப் போட்டுப் போங்கள், வெயில் காலம் என்றால் சாக்ஸும் வேண்டும், பாறை கொதிக்கும். மழைக்காலம் முடிந்த பிறகு போவது நல்லது. வகோரா ஆற்றில் தண்ணீர் இருக்கும், மலை பச்சையாக இருக்கும்.

கதைகளை ஒரு தாளில் நான்கு நான்கு வரியாகத் தமிழில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் வெளிச்சத்தில் படித்தால் பழகின கண் மறுபடி போய்விடும். வெளியே திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதையைப் படிப்பது, உள்ளே போய் அதை மட்டும் தேடுவது, வெளியே வருவது, அடுத்த கதை. காவலர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அம்மா மூன்றாவது தடவை 17க்குள் போனபோது ஒருவர் இந்தியில் ஏதோ கேட்டார். அம்மா தமிழிலேயே, "அந்தக் கெழவன் புள்ளைங்கள என்ன பண்ணான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.